பின்னால் உட்கார்ந்தவர்

மதியூன், ஜாவா
7 மே 2001

அன்புள்ள கஸியாத்தி அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அங்கே ஹாங்காங்கில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தொழுகைக்குப் பின் கேட்டுக்கொள்கிறேன். தொழாத நாட்களில் சும்மாவாவது கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. தொப்பைதான் எனக்கு முன்னால் கடைக்குள் நுழைகிறது. முடி வெட்ட உட்காருகிறவர்களின் முதுகில் இடிக்கிறதாம்.

உன் மகனைப் பற்றி நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். செனோ கெட்டிக்கார மெக்கானிக் என்று பட்டறை முதலாளியே சொன்னார். சொல்லிவிட்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பிரேக் இன்னும் கிறீச்சிடுகிறது என்று யாரோ வண்டிக்காரர் சொல்லப் போக, இவன் ஸ்பானரை வீசியிருக்கிறான். ஆள் மேல் படவில்லை. முதலாளியின் டிவி மேல் பட்டது.

அதற்கப்புறம் பெச்செல் சோற்றுக் கடையில் ஒரு கூத்து. நானும் கூட இருந்தேன். எவனோ ஒருத்தன், "அம்மாக்காரி வெளிநாட்டுல பாத்திரம் கழுவுறா, மவன் இங்க முறுக்கிக்கிட்டுத் திரியுறான்" என்றான். செனோ பாய்ந்துவிட்டான். நான் அவனுக்குத் தோளோடு தோள் நின்றேன் என்று எழுத ஆசைதான். நான் நின்றது சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவுக்குப் பின்னால், கையில் கடலைச் சாறு வழியும் இலையோடு. ரிக்‌ஷாக்காரன் சவாரி என்று நினைத்து எங்கே போகணும் என்று கேட்டான். எங்கேயாவது என்றேன்.

உதடு கிழிந்து வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதான். அடிக்கிறதும் அவனே, அழுகிறதும் அவனே. இருபது வயதுப் பையனை நான் மடியில் வைத்தா தேற்ற முடியும்? அவன் அப்பா சுமத்ராவுக்குப் போனவர் போனவர்தான். ஒரு நாள் கத்தி வைத்திருக்கிற எவனிடமாவது இப்படிப் பாய்ந்தான் என்றால் நான் உனக்கு என்ன பதில் எழுதுவது? பயமாக இருக்கிறது அக்கா. நீயே ஒரு வழி சொல்.

உன் தம்பி,
தர்சோனோ

---

ஹாங்காங்
27 மே 2001

தம்பி தர்சோனோவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். முதலாளி வீட்டில் ஒரு வேளையாவது சோறு கிடைக்கிறது, மற்ற வேளைகளில் நூடுல்ஸ். உன் தொப்பையைப் பற்றிப் பெருமையடிக்காதே, வறுத்த தெம்பேயைக் குறை.

வழி கேட்டாயே, சொல்கிறேன். சிரிக்காதே. போன வருடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இங்கே பூங்காவில் சிலாட் சண்டைக் கலை பழகுகிறேன். நம் ஊர் மல்லிகைச் சிலாட் சங்கத்தின் கிளை இங்கேயும் இருக்கிறது. நாற்பத்தொன்பது வயதில் கால் தூக்கி உதைக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என் உதை இடுப்போடு நின்றுவிடும். ஆனால் ஒன்று சொல்கிறேன், இதைப் பழகத் தொடங்கிய பிறகு நான் யாரிடமும் கத்தவில்லை. கஞ்சி ஆறிவிட்டது என்று முதலாளியம்மா கிண்ணத்தைத் தள்ளுவாள், நான் மூச்சை இழுத்துவிட்டுத் துடைத்து எடுப்பேன். தன் கைக்கு என்ன பலம் என்று தெரிந்தவன் அதை நீட்ட மாட்டான். தெரியாதவன்தான் நீட்டி நீட்டிப் பார்க்கிறான். செனோவுக்கு வந்திருப்பது அந்த வியாதி.

அவனை மல்லிகையில் சேர்த்துவிடு. நம் தெரு முழுக்க மல்லிகைக்கு ஆகாத கழுகுச் சங்கத்துக்காரர்கள் என்று எனக்கும் தெரியும். பக்கத்து ஊரில்தானே பயிற்சித் திடல், அங்கே போய் வரட்டும். இங்கே மல்லிகைப் பெண்களும் கழுகுப் பெண்களும் ஒரே பொட்டலத்தில் கை விட்டுச் சாப்பிடுகிறோம். எல்லாருக்கும் ஒரே ஏஜென்ட் தொல்லை.

அவனிடம் நான் சொன்னதாகச் சொல்.

அக்கா கஸியாத்தி

---

மதியூன்
22 ஜூலை 2001

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உன் உதை இடுப்போடு நிற்கட்டும், அதற்கு மேல் போனால் சுளுக்கு. நாங்கள் இருவரும் சுகமே.

சேர்த்துவிட்டேன். சேர்த்த நாளிலிருந்து நான்தான் மூச்சை இழுத்து இழுத்து விடுகிறேன். என் கடை இருக்கிற இடம் என்ன இடம்? வலப்பக்கம் டீக்கடை கழுகு, இடப்பக்கம் டயர்க்கடை கழுகு, எதிரே தெருத் தலைவர் பாக் முர்யாதி பழைய கழுகு, இறகு உதிர்ந்துவிட்டது, மூக்கு அப்படியே இருக்கிறது. என் கடையில் நாட்காட்டிகூட ஒரு பல்பொடிக் கம்பெனியுடையது. பல்பொடிக்கு எதிரிச் சங்கம் கிடையாது என்று தெரிந்துதான் மாட்டியிருக்கிறேன். செனோ தன் கறுப்புச் சீருடையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வண்டி இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு போகிறான், ஊர் எல்லை தாண்டித்தான் மாட்டுகிறான். இங்கே எல்லாரும் அப்படித்தான். எல்லாருக்கும் தெரியும், யாரும் பார்க்கவில்லை. சட்டை வெளியே தெரியாத வரைக்கும் மனிதன் பக்கத்து வீட்டுக்காரன். தெரிந்துவிட்டால் அப்புறம் சங்கம்தான்.

இதைப் பற்றிக் கடையில் ஒரு நாள் வாக்குவாதமே நடந்தது. பழகினவன் சண்டைக்குப் போவானா மாட்டானா என்று. ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் போகமாட்டான் என்றார். பல் வைத்தியர், கருவி வாங்கினவன் பயன்படுத்தாமல் இருப்பானா, நான் இருக்கிறேனா என்றார். எல்லாரும் கன்னத்தைப் பொத்திக்கொண்டோம். என்னைக் கேட்டார்கள். நான் பழகவே இல்லை, சண்டைக்கும் போனதில்லை, அதனால் என் கட்சி தோற்கவே தோற்காது என்றேன்.

ஆனால் ஒப்புக்கொள்கிறேன், நீதான் ஜெயித்தாய். பையன் மாறித்தான் போனான். பட்டறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வேலையைத் திரும்ப வாங்கிவிட்டான். பெச்செல் கடைக்காரம்மா, "உங்க மருமவனுக்கு யாரு வசியம் வச்சா, பெஞ்சைத் தூக்கிப் போட்டவன் இப்ப பெஞ்சைத் தொடச்சிட்டு உக்காருறான்" என்கிறாள். போன வாரம் ஒருத்தன் வண்டியில் உரசிவிட்டு இவனையே திட்டினான். செனோ தலை குனிந்து, "மன்னிச்சிருங்கண்ணே" என்றான். நான் அந்த நேரம் எங்கே இருந்தேன் என்று கேட்காதே. புளிய மரம் நல்ல அகலமான மரம்.

தம்பி

---

ஹாங்காங்
9 செப்டம்பர் 2001

தம்பிக்கு,

ஸலாம். உன் கடிதத்தைப் பூங்காவில் எல்லாரும் கேட்க வாசித்தேன். புளிய மரம் வந்ததும் ஒருத்தி சிரித்துச் சிரித்து இருமவே தொடங்கிவிட்டாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. பெண்கள் எல்லாரும் சேர்ந்து செனோவுக்கு ஒரு ஜாக்கெட் தைத்திருக்கிறோம். துணி நல்ல துணி, மழை இறங்காது. முதுகில் மல்லிகைச் சின்னத்தை நானே வெள்ளை நூலில் போட்டேன், நான்கு ஞாயிறு ஆனது. ஊருக்குத் திரும்புகிற சூமார்னியிடம் கொடுத்தனுப்புகிறேன். மழைக்காலத்தில் வண்டி ஓட்டுகிறவனுக்கு நெஞ்சில் குளிர் ஏறக் கூடாது.

உனக்கும் ஒரு தைலக் குப்பி வைத்திருக்கிறேன். தொப்பைக்குத் தடவினால் கரையாது, முயற்சி செய்யாதே.

அக்கா

---

மதியூன்
18 அக்டோபர் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். தைலம் கிடைத்தது. எங்கே தடவினேன் என்பது எனக்கும் ஆண்டவனுக்கும் தெரியும். ஜாக்கெட்டும் கிடைத்தது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். பதறாதே, எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

சூமார்னி தன் பையில் உன் ஜாக்கெட்டையும் கருவாட்டையும் ஒன்றாக வைத்துக் கட்டியிருக்கிறாள். ஜாக்கெட் மீன் சந்தை மாதிரி நாறியது. செனோ வேலைக்குப் போயிருந்தான். நான் ஆசையாகத் துவைத்து, கடைக்கு முன்னால் இருக்கிற கொடியில் காயப்போட்டேன். முதுகுப் பக்கம் தெருவைப் பார்க்க. அக்கா, இந்த ஊரில் பிறந்து நாற்பத்தாறு வருடம் இங்கேயே மூச்சு விடுகிறவன் நான். பல்பொடி நாட்காட்டி மாட்டுகிற அளவுக்குச் சாமர்த்தியசாலி. அந்த நேரத்தில் அந்தச் சாமர்த்தியம் சோப்பு நுரையோடு போய்விட்டது.

பாக் முர்யாதி வாசலில் வந்து நின்று, "தர்சோனோ, அது என்ன, கொடியேத்தி வச்சிருக்கியா" என்று அமைதியாகக் கேட்டார். நான் ஓடிப் போய் எடுப்பதற்குள் முதல் கல் ஓட்டில் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் மழை. நான் நாற்காலிக்கு அடியில் போனேன். முடி வெட்டிக்கொண்டிருந்த ரயில்வேக்காரர் போர்வைத் துணியோடு எனக்கு மேல் வந்து படுத்தார். அரைத் தலை வெட்டிய மனிதரோடு ஒரே நாற்காலிக்கு அடியில் கிடந்தால் வாழ்க்கையைப் பற்றி நிறைய யோசனை வருகிறது. எறிந்தவர்களில் டயர்க்கடை மகன் ரெக்ஸோவின் குரல் கேட்டது. குழந்தையாய் இருந்தபோது அவனுக்கு முதல் முடி எடுத்தது நான்தான்.

செனோ வந்தான். உடைந்த ஓடுகளைப் பார்த்தான். பழைய செனோவாக இருந்தால் கதவையே பெயர்த்துக்கொண்டு ஓடியிருப்பான். இவன் துடைப்பம் எடுத்துப் பெருக்கினான். எனக்கு டீ போட்டுக் கொடுத்தான். உன் சிலாட் வாழ்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் டார்மாஜி என்று ஒரு மல்லிகைப் பையன் வண்டியில் வந்தான். செனோ அவனோடு டீ குடிக்கப் போய்விட்டு வந்தான். வேறு விசேஷம் இல்லை. ஓடு மாற்றியாயிற்று. மழை சரியாகப் பெய்கிறது.

தம்பி

---

ஹாங்காங்
4 நவம்பர் 2001

தம்பி,

ஸலாம். நான் சுகம்.

உனக்கு டீ போட்டுக் கொடுத்தவன் வெளியே எதற்கு டீ குடிக்கப் போனான்?

அக்கா

---

மதியூன்
20 டிசம்பர் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். பெருநாள் முடிந்துவிட்டது. இந்த வருடம் நான் செய்த பிழைகளையெல்லாம் உடலாலும் உள்ளத்தாலும் மன்னித்துவிடு. உன் கேள்விக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததையும் அதில் சேர்த்துக்கொள்.

அவன் டீ குடிக்கப் போகவில்லை.

கல் விழுந்த மறுநாள் காலை டயர்க்கடை ரெக்ஸோ முடி வெட்ட வந்தான். இடது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. கல்லெறிந்தவன் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் எனக்குக் கத்தரிக்கோலைப் பிடிக்கக் கை வரவில்லை. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "உங்க மருமவன் கை நல்லா வேல செய்யுது மாமா" என்று மரியாதையாகச் சொன்னான். சுற்றிலும் குட்டையாக வெட்டச் சொன்னான். வெட்டினேன். காசு வாங்க மறந்துவிட்டேன், அவன் கொடுக்க மறக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அன்றைக்கு மட்டும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் டார்மாஜி அடிக்கடி வருகிறான். வாசலில் ஹாரன் அடிப்பான், அவ்வளவுதான். எங்கோ ஓர் ஊரில் மல்லிகைக்காரன் ஒருத்தனை யாரோ தள்ளியிருப்பார்கள். செனோவுக்கு அவன் முகம்கூடத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டை மூடி வைத்துவிட்டுப் போகிறான். திரும்பி வந்து கை கழுவிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறான்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"கோபமாடா உனக்கு?"

"இல்லையே மாமா. கோபமிருந்தா போகக் கூடாதுன்னு திடல்லயே சொல்லியிருக்காங்க."

"அப்புறம் எதுக்குடா போற?"

"கூப்பிட்டாங்க."

"அடி பட்டுதா?"

"எனக்கா?" என்று கேட்டான் அக்கா. ஆச்சரியமாகக் கேட்டான்.

ரயில்வேக்காரரும் பல் வைத்தியரும் இன்னும் கடையில் அதே விவாதத்தை நடத்துகிறார்கள். இரண்டு பேரும் சொல்வது சரி. இவன் தனக்காகச் சண்டை போடுவதை விட்டுவிட்டான். தன்னை யாராவது மிதித்தால்கூட மன்னிப்புக் கேட்கிறான். முன்பு ஆத்திரத்தில் போவான், அழுதுகொண்டு வருவான். இப்போது வேலைக்குப் போகிற மாதிரி போகிறான், வேலையிலிருந்து வருகிற மாதிரி வருகிறான். அழுகிறவனோடு இருக்கும்போது நான் தூங்கினேன். இவனோடு தூக்கம் வரவில்லை.

வேடிக்கையாக ஏதாவது எழுதி முடிக்கலாம் என்று பார்க்கிறேன். வரவில்லை.

தம்பி

---

ஹாங்காங்
17 பிப்ரவரி 2002

தம்பிக்கு,

ஸலாம். உடம்பு பரவாயில்லை. மூட்டு வலிக்கிறது, அதனால் ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போவதில்லை.

மூட்டு வலி என்றுதான் மற்றவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். உனக்காவது உள்ளதை எழுதுகிறேன். உன் பெருநாள் கடிதம் வந்த வாரம், பூங்காவில் இடம் பிடிக்கிற தகராறில் ஒரு கழுகுப் பெண் எங்கள் கூட்டத்துச் சின்னப் பெண்ணைத் தள்ளிவிட்டாள். தெரிந்தவள்தான், எனக்குக் காய்ச்சலாய் இருந்தபோது கஞ்சி கொண்டுவந்தவள். யாரோ "அக்கா!" என்று கூப்பிட்டார்கள். என்னைத்தான் என்றுகூட இல்லை. என் கால் தானாக அகன்று நின்றுவிட்டது. கை எழுந்துவிட்டது. எனக்குக் கோபமே இல்லை தம்பி. பயமும் இல்லை. உள்ளே யாருமே இல்லாத வீடு மாதிரி இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துப் பின்னால் போனாள். நல்லவேளை அவள் போனாள். நான் நிறுத்தவில்லை.

முதலாளியம்மா கிண்ணத்தைத் தள்ளும்போது எனக்குக் கோபம் வரும், கூடவே வேலை போய்விடும் என்ற பயமும் வரும். அந்தப் பயம்தான் இத்தனை நாள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தாண்டுச் சூரோ மாதம் பிறந்ததும் சங்கத்தின் புது உறுப்பினர்களுக்கு உறுதி எடுப்பு இருக்கும். அவனைப் போகவிடாதே. நான் அவனுக்குத் தனியாக எழுதினேன். "அம்மா சொல்லித்தான் சேர்ந்தேன், பாதியில் விட முடியாது" என்று ஒரே வரி வந்தது. என் வேலை ஒப்பந்தம் அடுத்த வருடம்தான் முடிகிறது, அதுவரை வர முடியாது. எப்படியாவது தடுத்துவிடு. உனக்குத் தெரிந்த வித்தை எதையாவது செய். காய்ச்சல் வந்த மாதிரி நடி.

அக்கா

---

மதியூன்
12 மார்ச் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். மூட்டுக்குத் தைலம் தடவு, வலிக்காவிட்டாலும் தடவு.

காய்ச்சல் வந்த மாதிரி நடித்தேன். செனோ ஈரத் துணி போட்டு, கஞ்சி வைத்து, ராத்திரி முழுக்க விசிறினான். குற்ற உணர்ச்சியில் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. அது போன பிறகு வண்டியின் பெட்ரோல் டாங்கில் சர்க்கரை போட்டேன். மெக்கானிக்கிடம் இந்த வேலை செய்யலாமா? மதியத்துக்குள் சரி செய்துவிட்டு, "எலி வேலையா இருக்கும் மாமா" என்றான். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

உறுதி எடுக்கிற ஒவ்வொருவனும் குறையில்லாத சேவல் ஒன்று கொண்டுபோக வேண்டும், அதை அறுத்துச் சமைத்துச் சோற்றோடு பொட்டலம் கட்டித் தருவார்கள். எங்கள் சேவல் இப்போது கடையில் இருக்கிறது. கண்ணாடியில் தன்னையே பார்த்துப் பாய்ந்து பாய்ந்து கொத்துகிறது. கண்ணாடிக்குத் துணி போட்டிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் எப்படி வெட்டினேன் என்று தெரியாமலே போகிறார்கள், அதில் எனக்கு லாபம்தான்.

உறுதி எடுப்பை நினைத்து எனக்குப் பயமில்லை. மறுநாள் எல்லாரும் சங்க ஸ்தாபகரின் கல்லறைக்குப் போய்விட்டு வண்டிகளில் ஊர்வலமாகத் திரும்புவார்கள். வழியில் கரும்பாலை முக்கு. அந்தப் பக்கம் முழுக்கக் கழுகு. போன வருடம் அங்கே நடந்த அடிதடி உனக்குத் தெரியும். இந்த வருடம் இரண்டு பக்கமும் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. நம் தெருப் பையன்கள் ரெண்டு மூன்று நாளாகக் கண்ணில் படவில்லை.

அதனால் நானும் போகிறேன். செனோவின் வண்டியில், பின் இருக்கையில். சேவல் சோற்றுப் பொட்டலம் வாங்கி வரத்தான் என்று சொன்னேன். எவனும் நம்பவில்லை. குடும்பத்துக்காரர்கள் யாரும் அந்த ஊர்வலத்தில் போவதில்லை. டார்மாஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

செனோ சிரிக்கவில்லை. "நீங்க எதுக்கு மாமா? உங்களுக்குப் பயமா இருக்கும்" என்றான்.

"பயமாத்தான்டா இருக்கு. அதான் வர்றேன்" என்றேன்.

அங்கே போய் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஒரு கிழட்டு மாமன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தால் பையன் இறங்க யோசிப்பான் இல்லையா? யோசித்தால் போதும். எனக்காகத் துஆ செய்.

தம்பி தர்சோனோ

---

மதியூன்
27 மார்ச் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். எழுத்து உன் மகனுடையது, சொல்கிறவன் நான். பிழைகளை நாங்கள் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

செனோ சுகம். கீறல்கூட இல்லை, அதை முதலில் எழுதச் சொன்னேன். கரும்பாலை முக்கில் கொஞ்சம் சலசலப்பு. கூட்டம் நெருக்கியதில் உன் தம்பி மூட்டையைப் போல வண்டியிலிருந்து உருண்டான். வலது கையில் இரண்டு விரல் வண்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். வைத்தியர், எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். அழகாக விழுந்தேன் என்றேன். சோற்றுப் பொட்டலமும் போயிற்று. அந்தச் சேவலை ஒரு வாய்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நான்கு மாதம் கத்தரிக்கோல் பிடிக்கக் கூடாதாம். அதுவரை செனோ கடையைப் பார்த்துக்கொள்கிறான். இந்த ஊரில் கொஞ்ச நாளைக்கு எல்லாரும் ஒரே மாதிரிக் கிராப்போடு திரிவார்கள்.

கவலைப்படாதே. வேறு விசேஷமில்லை.

தம்பி தர்சோனோ

அம்மா, தபால் தலை வாங்கி ஒட்டச் சொல்லி மாமா காசு கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் இதை எழுதுகிறேன். எழுதியது மாமாவுக்குத் தெரிய வேண்டாம்.

மாமா வண்டியிலிருந்து விழவில்லை.

கரும்புக்குள்ளிருந்து கல் வந்தது. முன்னால் போனவர்கள் இறங்குங்கடா என்றார்கள். எல்லாரும் வண்டியைப் போட்டுவிட்டு இறங்கினார்கள். நான் காலை எடுப்பதற்குள் மாமா பின்னாலிருந்து கட்டிப்பிடித்துவிட்டார். என் வயிற்றில் விரல்களைக் கோத்துக்கொண்டு, "போகாதடா, எனக்குப் பயமா இருக்குடா" என்று ஊளையிட்டு அழுதார். இரண்டு பக்கத்துக்காரர்களும் பார்த்தார்கள். சிலபேர் சிரித்தார்கள். டார்மாஜி, "கெழவன ஒதறிட்டு வாடா" என்றான்.

விடுங்க மாமா என்றேன். விடவில்லை.

பின்னாலிருந்து பிடித்தவனை விடுவிப்பது எங்களுக்கு முதல் மாதப் பாடம். ஒரு விரலைப் பிடித்துப் பின்னால் மடக்க வேண்டும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கை தானாகத் திறந்துவிடும் என்று சொல்லித் தந்தார்கள். மடக்கினேன். எனக்குக் கோபம் இல்லை அம்மா. சத்தம் கேட்டது. கை திறக்கவில்லை. இன்னொன்றை மடக்கினேன். அதுவும் சத்தம் கேட்டது. அப்போதும் விடவில்லை.

பாடத்தில் அதற்கு மேல் எதுவும் இல்லை. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஆட்கள் கரும்புக்குள் ஓடினார்கள், திரும்பி வந்தார்கள். கரும்புக்குள் கழுகுக்காரர்களோடு இருந்த நம் டயர்க்கடை ரெக்ஸோ வெளியே வரவில்லை. அங்கேயே செத்துக் கிடந்தான். டார்மாஜியும் இன்னும் சிலரும் இப்போது போலீஸில் இருக்கிறார்கள். நான் இறங்கியிருந்தால் டார்மாஜிக்குப் பக்கத்தில்தான் நின்றிருப்பேன். ரெக்ஸோவின் கையை முதலில் ஒடித்தவனும் நான்தான்.

மாமா அழுத கதை தெரு முழுக்கத் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் இறங்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. எங்கள் ஓட்டில் ஒரு கல்கூட விழவில்லை.

நேற்று ரெக்ஸோவின் அப்பா கடைக்கு வந்தார். அன்று ராத்திரி வீட்டில் ஏழாம் நாள் ஓதல், முகம் மழிக்க வேண்டும் என்றார். மாமா எழுந்து என்னிடம் கத்தியைக் கொடுத்தார். ரெக்ஸோவின் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் காட்டினார். என் கை நடுங்கியது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. மூச்சை இழுத்துவிட்டும் நிற்கவில்லை. அவர் கண்ணைத் திறக்காமல், "பரவால்ல, மெதுவாப் பண்ணு" என்றார்.

செனோ

---

ஹாங்காங்
14 ஏப்ரல் 2002

தம்பிக்கு,

ஸலாம். கடிதம் கிடைத்தது. நான் சுகம்.

நீ வண்டியிலிருந்து விழுந்ததைப் படித்தேன். சின்ன வயதிலிருந்தே உனக்கு விழத் தெரியாது. விழுகிற எவனும் கையில் பிடித்திருப்பதை விட்டுவிட்டுத்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்வான். நீ விடவில்லை போலிருக்கிறது.

மாவுக்கட்டு நனையாமல் பார்த்துக்கொள். ரெக்ஸோ வீட்டில் நாற்பதாம் நாள் ஓதல் வரும். நீங்கள் இருவரும் போய் வாருங்கள். வாசலில் நிறுத்தினால் வாசலிலேயே நில்லுங்கள். நம் தெருவில் இனி எந்தச் சட்டையும் வெளியே காய வேண்டாம். சூரோ அடுத்த வருடமும் வரும், நான் இப்போதே நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

செனோவிடம் ஒன்று சொல். கை நடுங்குகிறது என்று அவன் பயப்பட வேண்டாம். யாருமே இல்லாத வீட்டுக்குள் ஆள் திரும்பி வந்துவிட்டான் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று சொல், அவனுக்குப் புரியும். உனக்குப் புரிந்தாலும் புரியாத மாதிரி இரு.

உன் இடது கையால் ஒரு வரி எழுதி அனுப்பு. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

அக்கா கஸியாத்தி